எல்க் வேட்டைக்கு தூரத்துல சுட எந்த கார்ட்ரிட்ஜ் எடுக்கணும்: முழு வழிகாட்டி

ஜூன்ல கொலராடோவுல எல்க் (பெரிய மான் வகை) வேட்டை அனுமதிக்கான குலுக்கல், அதான் ட்ரா, ரிசல்ட் வந்ததும் எனக்கு போன் வர ஆரம்பிச்சிடும். "அண்ணா எல்க் டேக் (வேட்டை அனுமதி) விழுந்துருச்சு, எந்த ரைஃபிள் வாங்கட்டும், 7எம்எம் பிஆர்சி நல்லாருக்காமே, இல்ல 300 வின் மேக்கே எடுத்துரவா"ன்னு. ரெண்டும் கார்ட்ரிட்ஜ் பேருங்க. நான் திருப்பி ஒரே கேள்விதான் கேப்பேன், எவ்ளோ தூரத்துல சுடப்போற? பதில் எப்பவும் "வீடியோல 800 யார்டுல அடிக்கிறாங்கல்ல"ன்னுதான் வரும். அங்கதான் தப்பே ஆரம்பிக்குது. கார்ட்ரிட்ஜ முதல்ல புடிச்சுட்டு அதுக்கு ஏத்த தூரத்த தேடக்கூடாது, நம்மளால அடிக்க முடியற தூரத்த முதல்ல கண்டுபுடிச்சு, அதுக்கு ஏத்த புல்லட்ட பாத்து, கார்ட்ரிட்ஜ் பேர கடைசியா பாக்கணும். நானே இத தலைகீழா பண்ணி, ஒரு ரைஃபிளும் ரெண்டு வருஷமும் வீணாக்கினவன், அதனாலதான் இவ்ளோ நீளமா எழுதறேன்.

இது அமெரிக்காவுல, முக்கியமா கொலராடோ, வயோமிங், ஐடஹோ பக்கம் லைசென்ஸ் எடுத்து எல்க், மியூல் மான் வேட்டைக்கு போறவங்களுக்கு மட்டும். இந்தியாவுல 1972 வனவிலங்கு சட்டம் இருக்கு, ஊர்ல இருந்து படிக்கிறவங்க சும்மா தெரிஞ்சுக்க படிங்க.

முதல்ல வார்த்தைக் குழப்பத்த தீத்துக்கலாம்

நம்மாளுங்க எல்லாத்தையும் தோட்டான்னு சொல்லிடறோம். கடையில அப்படி கேட்டா வேலைக்கு ஆகாது. கார்ட்ரிட்ஜ்னா பித்தளை கேஸ், அடியில ப்ரைமர், உள்ள பவுடர், மேல புல்லட், நாலும் சேந்த முழு சாமான். புல்லட்ங்கறது பறந்து போற அந்த மூக்கு மட்டும்தான். மானைக் கொல்றது புல்லட், கார்ட்ரிட்ஜ் அதுக்கு வேகம் குடுக்கற வேலைய மட்டும் பாக்குது. இந்த ஒரு வரி மனசுல நின்னா பாதி சண்டை தீந்துடும்.

பேருங்க வேற நம்மள சுத்தல்ல விடும். .30-06ல 06ங்கறது 1906, ராணுவம் ஏத்துக்கிட்ட வருஷம். 1925ல வந்த .270 வின்செஸ்டரோட புல்லட் உண்மையில .277 அங்குலம். 6.5னா .264 அங்குலம், 7எம்எம்னா .284. கேஸ் மேல ஒரு பட்டை இருக்கும் பாருங்க 7எம்எம் ரெமிங்டன் மேக்னம் (1962), 300 வின்செஸ்டர் மேக்னம் (1963) ரெண்டுலயும், அத பெல்ட்னு சொல்லுவாங்க, பழைய மேக்னம் பாணி அது. புதுசா வந்த 6.5 பிஆர்சி, 7எம்எம் பிஆர்சி எதுலயும் பெல்ட் இல்ல. மேக்னம்னு பேர் இருந்தாலே பெரிய சாமான்னு அர்த்தம் இல்ல, பவுடர் கொஞ்சம் கூட, சுடும்போது தோள்ல விழற உதை நிறைய கூட, அவ்ளோதான்.

படி 1: உங்க தூரத்த கண்டுபுடிங்க

ரேஞ்சுல பெஞ்ச் மேல மணல் மூட்டை போட்டு, காபி குடிச்சுக்கிட்டு சுடற குரூப், அதாவது பேப்பர்ல ஓட்டைங்க சேந்து விழற அகலம், இங்க கணக்குல வராது. பத்தாயிரம் அடி உயரத்துல மலையேறி, மூச்சு வாங்கிக்கிட்டு, முதுகுப்பைய கல்லு மேல போட்டு அதுல ரைஃபிள சாச்சு சுடணும், அதுதான் நிஜம்.

அதனால இப்படி பண்ணுங்க. பேப்பர் பிளேட் ஒரு கட்டு வாங்குங்க, சாப்பாட்டுக்கு வெக்கற 9 அங்குல பிளேட். மியூல் மானோட இதயம் நுரையீரல் இருக்கற இடம் ஏறக்குறைய அவ்ளோதான் வரும், எல்க்குக்கு இன்னும் கொஞ்சம் பெருசு, ஆனா பிளேட் அளவுக்கே பழகிக்கறது நல்லது. 200 யார்டுல ஒட்டுங்க. வண்டிய விட்டு இறங்கி நூறு அடி ஓடிட்டு வந்து பைய போட்டு படுத்து ஒரே ஒரு ரவுண்டு சுடுங்க. பேரல் ஆறட்டும். திரும்ப ஒண்ணு. இப்படி அஞ்சு. அஞ்சும் பிளேட்டுக்குள்ள விழுந்தா 250க்கு, 300க்கு போங்க, அப்புறம் 350, 400. எந்த தூரத்துல ஒண்ணு வெளிய போச்சோ, அதுக்கு முந்தினதுதான் உங்க எல்லை. பல பேருக்கு இது 300ல நின்னுடும், அதுல அவமானப்பட ஒண்ணும் இல்ல, எனக்கு முதல் வருஷம் 250லயே நின்னுச்சு.

இந்த டெஸ்ட்டுல தெரியாத ஒரு விஷயமும் இருக்கு. 500 யார்டு போய்ச்சேர 6.5 கிரீட்மோர் புல்லட்டுக்கு சுமார் 0.64 செகண்ட் ஆகும். 7எம்எம் பிஆர்சிக்கு சுமார் 0.56. அவ்ளோ பணம், அவ்ளோ உதை, மிச்சம் புடிச்சது செகண்டுல பன்னெண்டுல ஒரு பங்கு. சாதாரணமா நடக்கற எல்க் அந்த அரை செகண்டுல ரெண்டு மூணு அடி நகந்துடும். ட்ரிகர் அழுத்தும்போது நுரையீரல் இருந்த இடத்துல, புல்லட் போய் சேரும்போது வயிறு இருக்கும். எந்த கார்ட்ரிட்ஜும் இத சரி பண்ணாது. எனக்கு இது அக்டோபர் கடைசியில ஒரு நாள் சாயங்காலம் நேர்லயே தெரிஞ்சுது, 430 யார்டுல ஒரு காளை எல்க், பக்கவாட்டுல நிக்குது, ஸ்கோப்ல தோள்பட்டை முடி கூட தெரியுது, விரல் ட்ரிகர்ல இருக்கு, சேஃப்டி எடுத்தாச்சு, அது சும்மா தலையக் குனிஞ்சு புல்லு கடிச்சுக்கிட்டே ஒரு அடி முன்னால வெச்சுது பாருங்க, ஒரே ஒரு அடி. குறி நேரா விலாவுக்கு பின்னாடி போயிருச்சு. நான் சுட்டிருந்தா என்ன ஆயிருக்கும்னு ராத்திரி முழுக்க தூக்கம் வரல.

படி 2: அந்த தூரத்துல புல்லட் என்ன வேகத்துல போய் சேருது

கடைக்காரங்க எல்லாம் எனர்ஜி பத்தி பேசுவாங்க. மானுக்கு 1000 ஃபுட்-பவுண்டு (எனர்ஜிய அளக்கற அலகு), எல்க்குக்கு 1500ன்னு ஒரு பழைய கணக்கு ஊர் முழுக்க சுத்திக்கிட்டு இருக்கு. கணக்கு போடறது ஈசி: புல்லட் எடை கிரெய்ன்ங்கற சின்ன அலகுல, வேகம் செகண்டுக்கு எத்தன அடின்னு, வேகத்த வேகத்தால பெருக்கி எடையால பெருக்கி 4,50,240ஆல வகுத்துடுங்க. 6.5 கிரீட்மோர்ல ஹார்னடி கம்பெனியோட 143 கிரெய்ன் ஈஎல்டி-எக்ஸ் புல்லட் 2700 அடி வேகத்துல கிளம்பினா 2315 வரும். 500 யார்டுல அது சுமார் 1300க்கு இறங்கிடும். 175 கிரெய்ன் 7எம்எம் பிஆர்சி 3000ல கிளம்பி அதே இடத்துல சுமார் 2100 வெச்சிருக்கும். பேப்பர்ல பாத்தா பெரிய வித்தியாசம்தான்.

ஆனா எனர்ஜி ஒண்ணும் மான அடிச்சு கீழ தள்ளாது. புல்லட்டோட மூக்கு உள்ள போனதும் காளான் மாதிரி விரியணும், விரிஞ்சாத்தான் நுரையீரல கிழிக்கும். அது விரியறதுக்கு ஒரு குறைஞ்சபட்ச வேகம் வேணும். சாதாரண ஈயம் உள்ள வெச்ச ஹன்டிங் புல்லட்டுக்கு பொதுவா செகண்டுக்கு 1800 அடிக்கு கீழ நம்பாதீங்க, முழு காப்பர் புல்லட்டுக்கு 2000ன்னு வெச்சுக்கோங்க. கம்பெனி சில மாடலுக்கு இன்னும் கம்மியா போட்டிருக்கும், நான் அந்த கடைசி ஓரத்துல போய் நிக்க மாட்டேன். விரியலன்னா பென்சில் குத்தின மாதிரி ஒரு ஓட்டை போட்டுட்டு அந்தப் பக்கம் போயிடும், எல்க் ரெண்டு மலை தாண்டி போய் சாகும், உங்களுக்கு கெடைக்காது.

இதுக்கு எதிர் பக்கமும் இருக்கு. 1946ல ஜான் நாஸ்லர்ங்கறவர் பிரிட்டிஷ் கொலம்பியாவுல ஒரு மூஸ (எல்க்க விட பெரிய மான்) சுட்டாரு, கிட்டக்க நின்னு, வேகமான 300 ஹெச்&ஹெச் மேக்னத்துல. புல்லட் தோள்லயே நொறுங்கிப்போச்சு, உள்ள போகல. அந்த கடுப்புலதான் நடுவுல ஒரு தடுப்புச்சுவர் வெச்சு பார்ட்டிஷன்னு புது புல்லட் பண்ணி 1948ல விக்க ஆரம்பிச்சாரு. அதாவது தூரத்துக்குன்னு மெல்லிசா செஞ்ச புல்லட்ட மேக்னத்துல போட்டு 60 யார்டுல எல்க் தோள்ல அடிச்சா இன்னிக்கும் அதே கதை நடக்கலாம். காட்டுல 400ல பாக்கணும்னு போவோம், எல்க் 60ல மரத்துக்கு பின்னால நிக்கும். அதனால ரெண்டு முனையிலயும் வேலை செய்யற புல்லட் வேணும், உள்ள இருக்கற ஈயமும் மேல இருக்கற செம்பு உறையும் ஒட்டவெச்ச பாண்டட் வகை (நாஸ்லர் அக்யூபாண்ட் மாதிரி), இல்லன்னா காப்பர்.

காப்பர்னு சொன்னதும் ஒண்ணு. கலிஃபோர்னியாவுல 2019 ஜூலை 1ல இருந்து வேட்டைக்கு ஈயமே கூடாது, அங்க சுடறவங்களுக்கு வேற வழியில்ல. காப்பர் லேசு, அதனால அதே எடைக்கு புல்லட் நீளமா இருக்கும், வேகமும் சீக்கிரம் குறையும், விரியவும் அதிக வேகம் கேக்கும். 6.5 கிரீட்மோர்ல 143 ஈஎல்டி-எக்ஸ் 650 யார்டு வரைக்கும் 1800க்கு மேல இருக்கும், அதே ரைஃபிள்ல காப்பர் போட்டா 400, 450 பக்கத்துலயே எல்லை வந்துடும். காப்பர் கட்டாயம்னா மேக்னம் எடுக்க நியாயமான காரணம் இருக்கு, இத நான் ஒத்துக்கறேன்.

இன்னொண்ணு, பாக்ஸ் மேல போட்டிருக்கற வேகம் பெரும்பாலும் 24 அங்குல பேரல்ல எடுத்தது. உங்களது 20 அங்குலம்னா அங்குலத்துக்கு ஒரு 25 அடி கழிச்சுக்கோங்க, நூறு அடி போச்சு. நண்பர்கிட்ட குரோனோகிராஃப் (புல்லட் வேகத்த அளக்கற கருவி) இருந்தா வாங்கி உங்க ரைஃபிள்ல அளந்து அந்த நம்பர, புல்லட் பாதைய கணக்கு போடற ஆப்ல போடுங்க. நல்ல செய்தி என்னன்னா மலை உயரத்துல காத்து மெல்லிசு, கடல்மட்டத்துக்கு போட்ட டேபிள விட வேகம் கொஞ்சம் நல்லாவே நிக்கும்.

படி 3: காத்து

புல்லட் கீழ இறங்கறது ஒரு பிரச்சனையே இல்ல. ரேஞ்ச்ஃபைண்டர் தூரம் சொல்லிடும், ஸ்கோப் மேல இருக்கற டரட்ங்கற திருகத் திருப்பினா முடிஞ்சுது. 200 யார்டுல ஜீரோ வெச்சா (அங்க குறியும் புல்லட்டும் ஒண்ணா சேரற மாதிரி) 500ல 6.5 கிரீட்மோர் சுமார் 45 அங்குலம் இறங்கும், 7எம்எம் பிஆர்சி சுமார் 35, ரெண்டையும் டயல் பண்ணிக்கலாம். வழி நெடுக அடிக்கற காத்த எந்த மெஷினும் சொல்லாது. நீங்க நிக்கற இடத்துல ஒரு காத்து, நடுவுல பள்ளத்துல வேற காத்து, எல்க் பக்கத்துல இன்னொண்ணு.

நேரா குறுக்க மணிக்கு 10 மைல் வேகக் காத்து அடிச்சா 500 யார்டுல .308 வின்செஸ்டர் (178 கிரெய்ன்) சுமார் 18 அங்குலம் தள்ளிப்போகும், 6.5 கிரீட்மோர் சுமார் 15, .270ல நல்ல 145 கிரெய்ன் போட்டா அதே 15, 300 வின் மேக் 200 கிரெய்ன் 14, 7எம்எம் பிஆர்சி 11 இல்ல 12. இப்ப நீங்க காத்த 5 மைல் தப்பா கணிச்சீங்கன்னு வைங்க, எல்லாரும் பண்ற தப்புதான், அப்ப இந்த நம்பர்ல பாதி அளவு குறி தவறும். கிரீட்மோருக்கு ஏழரை, பிஆர்சிக்கு ஆறு. வித்தியாசம் ஒன்றரை அங்குலம். 300 யார்டுல இது சுண்டுவிரல் அகலம் கூட தேறாது. 300 வின் மேக் 180 கிரெய்ன் பழைய மூக்கு மொட்டை புல்லட்ட விட, சாதாரண .270ல ஊசி மூக்கு புல்லட் காத்துல நல்லா நிக்கும், புல்லட் வடிவம்தான் காரணம், அத பிசின்னு ஒரு நம்பரா பாக்ஸ்ல போட்டிருப்பாங்க, கூட இருந்தா நல்லது.

ஆனா பிசி கூடின நீள புல்லட்ட சுழட்ட பேரல் உள்ள முறுக்கு வேகமா இருக்கணும், அதுதான் ட்விஸ்ட். பழைய .270ல 10 அங்குலத்துக்கு ஒரு சுத்து, 7எம்எம் ரெம் மேக்ல ஒன்பதரை சுமார், புது பிஆர்சி வகையில 8. பழைய ரைஃபிள்ல ரொம்ப நீளமான புல்லட் போட்டா பேப்பர்ல சாவி துவாரம் மாதிரி கோணலா ஓட்டை விழும். 2021ல வந்த 6.8 வெஸ்டர்ன் என்ன பண்ணுச்சுன்னா .270ஓட அதே .277 புல்லட் அளவுதான், ஆனா முறுக்கு வேகமாக்கி 165, 175 கிரெய்ன் போட வழி பண்ணிச்சு. 7எம்எம் பிஆர்சி பெரிய புதுமைன்னு 2022ல ஆரவாரம் பண்ணாங்க, பாதி புதுமை இந்த முறுக்குலயும் நீள புல்லட்டுக்கு இடம் விட்டதுலயும்தான்.

படி 4: உதை, இதுதான் நிஜமான பரிட்சை

என் முதல் ரைஃபிள் 300 வின் மேக். கடையில இருந்தவர் "எல்க்குனா இதுக்கு கீழ எடுக்கவே கூடாது"ன்னு அடிச்சு சொன்னாரு, நானும் லேசா இருக்கட்டும்னு ஏழு பவுண்டு ரைஃபிள்ல எடுத்தேன், ரெண்டும் சேந்தா என்னாகும்னு யோசிக்கல. ஒரே எடை ரைஃபிள்ல 6.5 கிரீட்மோர விட அதுக்கு உதை ரெட்டிப்பு. முதல் நாள் இருபது ரவுண்டு சுட்டேன், தோள் கன்னிப்போச்சு, பனியன் போடும்போது வலிச்சுது. குரூப் அகலமாகிட்டே போகுது, நான் ஸ்கோப்ப திட்டறேன், மவுண்ட்ட திட்டறேன்.

பக்கத்து வீட்டு பெரியவர், அறுபது வருஷமா வேட்டையாடறவர், ஒண்ணும் பேசாம என் மேகசின வாங்கி அவரே லோட் பண்ணி குடுத்தாரு. நாலு ரவுண்டு, நடுவுல எங்கயோ ஒண்ணு ப்ரைமரும் பவுடரும் இல்லாத டம்மி, எதுன்னு எனக்கு தெரியாது. ரெண்டாவது ட்ரிகர் இழுத்தேன், க்ளிக்குன்னு சத்தம், வெடிக்கல, ஆனா ரைஃபிளோட மூக்கு டக்குன்னு கீழ குத்துச்சு, கண்ணு மூடியிருந்துச்சு, தோள் முன்னால தள்ளியிருந்துச்சு. அவர் சிரிக்கவே இல்ல, "ஸ்கோப் நல்லாத்தான் இருக்கு"ன்னாரு. அந்த அரை அங்குல குத்தல் 400 யார்டுல அடிகணக்குல போகும். ஒன்றரை அங்குலம் காத்துல மிச்சம் புடிக்க மேக்னம் வாங்கி, பயத்துல ரெண்டு அடி தொலைச்ச கதை இது.

நீங்க வாங்கறதுக்கு முன்னால யாரோட ரைஃபிளயாவது கேட்டு இந்த டம்மி டெஸ்ட்ட பண்ணிப்பாருங்க. ஒரே நாள்ல 30 ரவுண்டு சுட்டதுக்கு அப்புறமும் மூக்கு ஆடாம இருக்கற கார்ட்ரிட்ஜ்தான் உங்களோடது. மஸில் பிரேக் (பேரல் நுனியில மாட்டற ஓட்டை போட்ட குழாய்) போட்டா உதை குறையும் ஆனா சத்தம் காது கிழியும், பக்கத்துல படுத்திருக்கறவன் உங்கள மன்னிக்க மாட்டான். கொலராடோவுல சப்ரெஸர் (சத்தம் குறைக்கற குழாய்) போட்டு வேட்டையாடலாம், அது உதையும் குறைக்கும் காதையும் காப்பாத்தும், பேரல் நீளமாயிடும்ங்கறது ஒரு தொல்லை.

படி 5: சட்டம், கடை அலமாரி

கொலராடோவுல குறைஞ்சது .24 காலிபர் (புல்லட் குறுக்களவு), பேரல் 16 அங்குலம், விரியற புல்லட், எல்க்குக்கு 85 கிரெய்ன், 100 யார்டுல கம்பெனி கணக்குப்படி 1000 ஃபுட்-பவுண்டு. நான் மேல சொன்ன எல்லாம் பாஸ். ஐடஹோவுல ரைஃபிள் 16 பவுண்டுக்கு மேல போகக்கூடாது, டேங்க் மாதிரி செட்டப் தூக்கிட்டு போகாதீங்க. ஹெச்1பி மாதிரி விசாவுல இருக்கறவங்க கவனிங்க, ஃபெடரல் சட்டப்படி துப்பாக்கியும் சரி ரவுண்டும் சரி வெச்சுக்கவே கூடாது, செல்லுபடியாகற மாநில வேட்டை லைசென்ஸ் இருந்தா அது ஒரு விலக்கு. லைசென்ஸ் கையில வாங்கிட்டு அப்புறம் நண்பனோட ரைஃபிள தொடுங்க, லைசென்ஸ் காலாவதி தேதியையும் பாருங்க, சந்தேகம்னா வக்கீல கேளுங்க, என்ன மாதிரி ஆள கேக்காதீங்க.

அலமாரிய மறந்துடாதீங்க. மலையடிவார ஊர்ல, பெட்ரோல் பங்க்கும் சாமான் கடையும் ஒண்ணா இருக்கும் பாருங்க, அங்க .30-06, .270, .308, 6.5 கிரீட்மோர், 7எம்எம் ரெம் மேக், 300 வின் மேக் இருக்க வாய்ப்பு அதிகம். 28 நாஸ்லர் மாதிரி அபூர்வ கார்ட்ரிட்ஜ் கேட்டா உங்கள மேலயும் கீழயும் பாப்பாங்க. 2020, 21ல தட்டுப்பாடு வந்தப்ப புதுப்பேர் கார்ட்ரிட்ஜ் வெச்சிருந்தவங்க ரைஃபிள சுவத்துல மாட்டிட்டு உக்காந்திருந்தாங்க. ரவுண்டு விலை கூட இருந்தா பிராக்டிஸும் குறையும், பேரலும் மேக்னத்துல சீக்கிரம் தேயும்.

படி 6: சரி, எத வாங்க

படி 1ல உங்க எல்லை 300, 350னு வந்துச்சுன்னா .270, .308, 6.5 கிரீட்மோர், .30-06 எதுல வேணா நல்ல புல்லட் போட்டு நிம்மதியா போங்க. 6.5 கிரீட்மோர் எல்க்குக்கு பத்தாதுன்னு சண்டை போடறவங்க இருக்காங்க, 300க்குள்ள நுரையீரல்ல விழுந்தா பத்தும், தோள் எலும்பு வழியா கோணலா சுட ஆசைப்பட்டா எனக்கும் தயக்கம்தான், அதுக்கு பதிலா காத்திருங்க. 450, 500 வரைக்கும் உங்க பேப்பர் பிளேட் நிஜமாவே நிக்குதுன்னா 6.5 பிஆர்சி, 7எம்எம் ரெம் மேக், 7எம்எம் பிஆர்சி. இதுல இன்னிக்கு புது ரைஃபிள் வாங்கறவருக்கு 7எம்எம் பிஆர்சி, ஏற்கனவே வீட்ல ரெம் மேக் இருந்தா அத விக்க வேண்டாம். 300 வின் மேக், 300 பிஆர்சி எல்லாம் உதை பழகினவங்களுக்கு, எட்டரை ஒன்பது பவுண்டு ரைஃபிள்ல. அதுக்கு மேல தூரம் கேட்டா என்கிட்ட பதில் இல்ல, கிட்டக்க போங்கன்னுதான் சொல்லுவேன், தியோடர் ரூஸ்வெல்ட் 1887ல ஆரம்பிச்ச பூன் அண்ட் கிராக்கெட் கிளப்ங்கற வேட்டைக்காரங்க அமைப்பு கூட தூரம் தூரமா சுடறது நியாயமான வேட்டையான்னு கேள்வி எழுப்பியிருக்கு.

நான் அந்த 300ஐ வித்துட்டு நூறு வயசான .270க்கு வந்துட்டேன், 145 கிரெய்ன், என் எல்லை 380. அதுக்கப்புறம் எடுத்த எல்க் எதுவும் 290 தாண்டல.

வாங்கினதும் முதல் வேலை, ரெண்டு மூணு பிராண்டுல ஒவ்வொரு பாக்ஸ் சுட்டு ரைஃபிளுக்கு எது புடிக்குதுன்னு பாருங்க, புடிச்சதுல பாக்ஸ் ஓரத்துல இருக்கற லாட் நம்பர் ஒண்ணா இருக்கற மாதிரி பத்து பாக்ஸ் எடுத்துடுங்க, லாட் மாறினா வேகமும் குறியும் கொஞ்சம் மாறும். எட்டு பாக்ஸ் பிராக்டிஸுக்கு, ரெண்டு மலைக்கு. 100ல இருந்து உங்க எல்லை வரைக்கும் நேர்ல சுட்டு பாத்த இறக்கத்த ஒரு சீட்டுல எழுதி ரைஃபிளோட ஸ்டாக்ல (தோள்ல வெக்கற கட்டை) டேப் போட்டு ஒட்டுங்க, எல்லைக்கு மேல உள்ள நம்பர அந்த சீட்டுல எழுதவே எழுதாதீங்க. கேம்ப் போய் சேந்த அன்னிக்கே கார்ட்போர்டு நட்டு ஒரு ரவுண்டு சுட்டு ஜீரோ ஆடலன்னு பாத்துக்கோங்க, மண் ரோட்டுல ட்ரக் குலுக்கின குலுக்கல்ல ஸ்கோப் ஸ்க்ரூ தளந்து எங்க கேம்ப்லயே ஒருத்தருக்கு ஆறு அங்குலம் இடது பக்கம் போயிருந்துச்சு.